கத்தியைக் கீழே வைக்கவும் கற்றுத்தந்த மேதை அஸ்-ஸஹ்ராவி

அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவியை 'அறுவைச் சிகிச்சையின் தந்தை' என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். எங்கே வெட்டக்கூடாது என்றும் அவர் எழுதிவைத்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

10ஆம் நூற்றாண்டில் அந்தலுஸில், அதாவது இன்றைய ஸ்பெயினில் வாழ்ந்தவர் அவர். குர்துபா அருகே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய மதீனத்துஸ் ஸஹ்ராவே அவருடைய ஊர். பல்லாண்டு மருத்துவ அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாக நூலாகத் தொகுத்தார். கடைசிப் பாகம் அறுவைச் சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன.

உடற்கூறு அறியாதவர் கத்தியைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. அறியாத வைத்தியர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை வெட்ட, தமனி அறுபட்டு, அவர் கண்முன்னே அப்பெண் இறந்துபோனதை அந்நூலில் பதிவு செய்துள்ளார்.

இரத்தக்குழாய் பலூன் போல் உப்பும் நோய்க்கு இன்று அனியூரிஸம் என்று பெயர். இதற்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார். தமனி வீக்கத்தையும் சிரை வீக்கத்தையும் விரலால் தொட்டுப் பிரித்தறியும் வழியைச் சொன்னார். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் உள்ள பெரிய வீக்கங்களை வெட்ட வேண்டாம் என்று எச்சரித்தார்.

மூளைக்குள் வரும் அனியூரிஸத்தைக் காணும் வசதி அவர் காலத்தில் இல்லை. இன்றைய சிகிச்சையை அவரே கண்டுபிடித்தார் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் அஞ்சிய அதே ஆபத்துக்கு 1990களில் மருத்துவம் புதுவழி கண்டது. மண்டையோட்டைத் திறக்காமல், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்பி அடைக்கிறார்கள். வாய் அகன்ற சிக்கலான வீக்கம் என்றால், குழாயினுள் வலைபோன்ற ஸ்டென்ட் வைத்து இரத்த ஓட்டத்தைத் திருப்புகிறார்கள். வெடிக்காத சிறிய வீக்கத்தைச் சில சமயம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதோடு நிறுத்துகிறார்கள்.

ஆகவே நம் வீட்டில் ஒருவருக்கு மருத்துவர், இப்போது அறுவை வேண்டாம், கண்காணிப்போம் என்றால் அதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. காரணத்தைக் கேட்டு அறிவோம். ஆனால் இதுவரை இல்லாத கடும் தலைவலி திடீரென வந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. அவர் நூல் பிழைத்தது. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.