தண்டுவட வேர்களும் சார்லஸ் பெல்லும்

முதுகுவலியோடு வரும் ஒருவரை நரம்பியல் மருத்துவர் ஆராயும் முறை, அருகில் நின்று காண்போர்க்கு ஒரு விளையாட்டுப் போலத் தோன்றும். கண்களை மூடச் செய்து, பஞ்சினாலும் ஊசி முனையினாலும் கெண்டைக்காலையும் பாதத்தையும் மாறி மாறித் தொடுவார். காலின் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்லி, தம் கையால் அதனை எதிர்த்து அழுத்துவார். குதிகாலை ஊன்றியும் பின்னர் நுனிக்காலிலும் நடக்கச் சொல்வார். முடிவில் சிறு ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழும் குதிகாலுக்கு மேலும் தட்டிப் பார்ப்பார். பெருவிரல் நிமிர மறுத்தால், இடுப்புப் பகுதியின் ஐந்தாம் நரம்பு வேரில் குறை இருக்கலாம் என்று எண்ணுவார். குதிகாலின் மேல் தட்டியும் பாதம் அசையாமல், சிறுவிரல் பக்கம் மரத்தும் இருந்தால், அதற்கு அடுத்த கீழ்வேரை ஐயுறுவார். முதுகைத் திறவாமலே முதுகினுள் நிகழ்வதை அறியும் கலை இது.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. ஒவ்வொரு நரம்பும் இரு வேர்களால் ஆனது. பின்வேர் உணர்வைத் தண்டுவடத்திற்குக் கொண்டு செல்கிறது. முன்வேர் தசைக்குரிய ஆணையை வெளியே கொண்டு வருகிறது. ஆதலால்தான் மருத்துவர் தொடுவுணர்வைத் தனியாகவும் தசையின் வலிமையைத் தனியாகவும் சோதிக்கிறார். சுத்தியலின் தட்டு இரண்டையும் ஒருங்கே சோதிப்பது. அச்செய்தி பின்வேர் வழியே உள்ளே சென்று, முன்வேர் வழியே தசைக்குத் திரும்ப வேண்டும். இன்று பள்ளி நூல்களிலும் காணப்படும் இவ்வுண்மையை 1800 ஆம் ஆண்டில் எவரும் நிறுவியிருக்கவில்லை. அதனை நோக்கி முதலடி எடுத்து வைத்தவர் சார்லஸ் பெல்.

பெல் 1774 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதகுரு. மகனுக்கு ஐந்து வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார். வறுமையிலும் தாயார் தாமே மகனுக்குக் கல்வி புகட்டினார். ஓவியத்தின்பால் அவருக்கிருந்த ஆர்வம் மகனுக்கும் வாய்த்தது. தமையனார் ஜான் பெல் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அவரிடமே சார்லஸ் உடற்கூற்றியல் பயின்றார். மாணவராக இருந்தபோதே உடலை அறுத்து ஆராயும் முறை பற்றி ஒரு நூல் எழுதி, அதற்குரிய படங்களையும் தாமே வரைந்தார். கண்டதைக் கையால் வரைந்தாலன்றி அவர்க்கு மனம் அமைதி கொள்ளாது.

தமையனாருக்கும் எடின்பரோவின் மூத்த மருத்துவர்களுக்கும் இடையே எழுந்த பகையினால், சகோதரர் இருவர்க்கும் அந்நகர மருத்துவமனையின் கதவு அடைக்கப்பட்டது. 1804 இல் சார்லஸ் பிழைப்புத் தேடி லண்டன் சென்றார். முகத்தின் தசைகள் எவ்வாறு சினத்தையும் துயரையும் காட்டுகின்றன என்பதை ஓவியர்களுக்கு விளக்கும் அவரது நூல் 1806 இல் வெளிவந்தது.

1809 இல் ஸ்பெயினின் கொருன்னாப் போரில் காயமுற்ற வீரர்கள் கப்பல்களில் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது, பெல் அவர்களுக்கு மருத்துவம் செய்யச் சென்றார். காயத்தின் வழியே இசிவு நோய் கண்ட ஒரு வீரன், தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, உடல் முழுவதும் வில்லாக வளைந்து கிடப்பதை அவர் வரைந்தார். அவ்வோவியம் இன்றும் மருத்துவ நூல்களில் இடம்பெறுகிறது. 1815 இல் வாட்டர்லூப் போர் முடிந்த செய்தி கேட்டதும் பிரசல்ஸ் நகருக்கு விரைந்து, பகைவராயிருந்த பிரெஞ்சு வீரர்களுக்கும் நாள் முழுவதும் அறுவை செய்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அங்கும் கைகால் இழந்தோரை ஓவியங்களாகப் பதிந்து வைத்தார்.

இவ்விரு போர்களுக்கும் இடைப்பட்ட 1811 ஆம் ஆண்டில்தான் அவரது பெயர் நிலைபெறக் காரணமான சிறுநூல் பிறந்தது. மூளையின் அமைப்பைப் பற்றிய புதிய கருத்தொன்றைக் கூறும் அந்நூலை அவர் விற்பனைக்கு விடவில்லை. 100 படிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கினார். விலங்கின் முதுகைத் திறந்து பின்வேரை அறுத்தபோது தசைகள் துடிக்கவில்லை. முன்வேரைக் கத்தி முனையால் தொட்ட அளவிலேயே துடித்தன. இரு வேர்களும் ஒரே தொழில் செய்பவை அல்ல என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆயினும் அவர் அங்கேயே நின்றார். முன்வேர் பெருமூளையைச் சார்ந்தது என்றும், பின்வேர் சிறுமூளையைச் சார்ந்து உடலின் மறைவான தொழில்களை ஆள்வது என்றும் எண்ணினார். பின்வேரே உணர்வின் வழி என்பதை அந்நூல் கூறவில்லை. உயிருள்ள விலங்குக்கு நோவு உண்டாக்கிச் சோதிப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. உணர்விழந்த விலங்கைக் கொண்டு உணர்வை எவ்வாறு சோதிப்பது?

அந்தத் தயக்கம் பாரிஸ் நகரின் பிரான்சுவா மஜெந்திக்கு இல்லை. அவர் 1822 இல் ஆறு வார வயதுடைய நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியே அறுத்துப் பார்த்தார். பின்வேர் அறுபட்ட கால் அசைந்தது. ஆனால் கிள்ளினாலும் குத்தினாலும் உணரவில்லை. முன்வேர் அறுபட்ட கால் துவண்டு தொங்கியது, ஆனால் உணர்ந்தது. ஐயத்திற்கு இடமின்றி உண்மை வெளிப்பட்டது. அது கொடிய வழியில் வந்த உண்மை என்பதையும் மறுக்க இயலாது. மஜெந்தியின் சோதனைகளுக்கு எதிராக இங்கிலாந்தில் பெருங்குரல் எழுந்தது.

இதன்பின் நிகழ்ந்ததைப் பெல்லின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்வர். கண்டுபிடிப்பு முழுவதும் தமக்கே உரியது என்று பெல் வாதாடினார்; அவருடைய மைத்துனர்களும் அவ்வாறே எழுதினர். பெல்லின் சிறுநூலைப் பின்னர்க் கண்ட மஜெந்தி, வேர்களைத் தனித்தனியே சோதிக்கும் எண்ணம் தமக்கு முன்னரே பெல்லுக்கு இருந்தது என்று ஒப்புக்கொண்டார். பெல்லோ அத்தகைய பெருந்தன்மையைக் காட்டவில்லை. 1821 இல் தாம் வெளியிட்ட கட்டுரைகளை 1824 இல் மீண்டும் நூலாக்கியபோது, மஜெந்தியின் முடிவுக்குப் பொருந்துமாறு சில சொற்களை மாற்றினார்; மாற்றியதைக் கூறவும் இல்லை. பழைய அச்சையும் புதிய அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தோர் பின்னாளில் அதனைக் கண்டறிந்தனர். நூறு படிகளே அச்சிட்ட சிறுநூலும் அவ்வாறே அவருக்கு எதிரான சான்றாயிற்று.

இத்தனைக்கும், அந்த வழக்கு இல்லாமலே அவர் புகழ் நிலைத்திருக்கும். முகத்தசைகளை இயக்கும் நரம்பைத் தனியே பிரித்து அறிந்தவர் அவர். திடீரென ஒருபக்க முகம் செயலிழக்கும் நோய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1831 இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் மியுல்லர் தவளைகளைக் கொண்டு வேர்களின் தொழிலை மீண்டும் உறுதி செய்தார். 1833 இல் மனிதக் கையைப் பற்றிப் பெல் எழுதிய நூல் பலரால் விரும்பிப் படிக்கப்பட்டது.

1836 இல், தம்மை ஒருகாலத்தில் வெளியேற்றிய எடின்பரோவுக்கே அறுவை மருத்துவப் பேராசிரியராகத் திரும்பினார். 1842 ஏப்ரலில் லண்டன் நோக்கிப் பயணம் செய்கையில், வூஸ்டர் நகருக்கு அருகில் ஹாலோ என்னும் சிற்றூரில் நண்பர் இல்லத்தில் தங்கினார். கையில் வரைதாளுடன் அவ்வூரின் தேவாலயத் தோட்டத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். மறுநாள் நெஞ்சுவலியால் அவர் உயிர் பிரிந்தது. அத்தோட்டத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். முன்வேர் இயக்கத்திற்கும் பின்வேர் உணர்வுக்கும் உரியவை என்னும் விதி, இன்று பெல்–மஜெந்தி விதி என இருவர் பெயராலும் வழங்குகிறது.