மோகன் குமாரமங்கலம்

மோகன் குமாரமங்கலம் (நவம்பர் 1, 1916 – மே 31, 1973) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராகவும், சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகவும், இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்குத் துறை அமைச்சராகவும் பணியாற்றியவர். 1930களில் இங்கிலாந்தில் கல்வி பயின்றபோது இவர் பழகிய இந்திய மாணவர் வட்டத்திலிருந்து பின்னாளில் பல தேசியத் தலைவர்கள் உருவாயினர்.

குடும்பம்

மோகன் இலண்டனில் பிறந்தார். இவருடைய தந்தை ப. சுப்பராயன், திருச்செங்கோடு வட்டத்திலுள்ள குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர்; 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தாய் ராதாபாய், மங்களூரைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியப் பெண்களுள் ஒருவர். சாதியையும் மொழியையும் கடந்த இவர்களது திருமணம் அக்காலத்தில் அரிதானதாகும்.

மோகனின் அண்ணன் ப. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாகப் பதவி வகித்தார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

இங்கிலாந்தில் கல்வியும் நட்பும்

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிலும் மோகன் பயின்றார். 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வு பெற்றார். பின்னர் இலண்டன் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தின் வழியே பாரிஸ்டர் ஆனார்.

அக்காலத்தில் இலண்டனில் சட்டம் பயின்ற இந்திய இளைஞர்களுள் ஜோதி பாசு, பூபேஷ் குப்தா, பி. என். ஹக்சர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இந்திரஜித் குப்தா கேம்பிரிட்ஜிலும், இந்திரா நேரு ஆக்சுபோர்டிலும், பெரோஸ் காந்தி இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்றனர். வி. கே. கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக், இலண்டன் மஜ்லிஸ் போன்ற அமைப்புகள் இவர்களை ஒன்றிணைத்தன. எசுப்பானிய உள்நாட்டுப் போரும் ஐரோப்பாவில் பாசிசத்தின் எழுச்சியும் இவர்களுள் பலரைப் பொதுவுடைமைக் கொள்கைக்கு ஈர்த்தன. இந்திராவும் பெரோஸும் 1942இல் திருமணம் செய்துகொண்டனர்.

வசதியான குடும்பங்களில் பிறந்த இவர்களுக்கு வழக்கறிஞர் தொழிலில் பெரும் வருவாய் ஈட்டும் வாய்ப்பு இருந்தது. எனினும் நாடு திரும்பியபின் ஜோதி பாசு, பூபேஷ் குப்தா, மோகன் ஆகிய மூவரும் கட்சிப் பணியையே தேர்ந்தெடுத்தனர்.

பொதுவுடைமை இயக்கத்தில்

நாடு திரும்பிய மோகன் சென்னையில் கட்சிப் பணியில் ஈடுபட்டார். 1941இல் நடைபெற்ற சென்னை சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் ஆகியோருடன் இவரும் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

1943இல் வங்காளத்தைச் சேர்ந்த கல்யாணி முகர்ஜியை மணந்தார். கல்யாணி, பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சரான அஜய் முகர்ஜியின் உறவினர். பெற்றோரைப் போலவே மோகனும் தம் மாநிலத்துக்கும் மொழிக்கும் அப்பால் வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுத்தார்.

1947–48இல் சுப்பராயன் சென்னை மாகாண அரசில் அமைச்சராக இருந்தார். மகனோ அவ்வரசை எதிர்த்த கட்சியில் இருந்தார்.

வழக்கறிஞர் பணி

பின்னர் மோகன் சென்னையில் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டுப் பெரும்புகழ் பெற்றார். இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டம் நடைபெற்ற 1965இல், இந்தியாவின் மொழிச் சிக்கல் குறித்து ஆங்கிலத்தில் நூல் ஒன்றை எழுதினார். 1966–67இல் சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தார்.

இதற்கிடையில் 1964இல் பொதுவுடைமைக் கட்சி பிளவுபட்டது. ஜோதி பாசுவும் ராமமூர்த்தியும் மார்க்சியக் கட்சிக்குச் சென்றனர். பூபேஷ் குப்தாவும் இந்திரஜித் குப்தாவும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியிலேயே தொடர்ந்தனர். மோகன் காங்கிரசில் இணைந்தார். இவ்வாறு பழைய நண்பர்கள் மூன்று கட்சிகளில் பிரிந்து நின்றனர்.

அமைச்சராக

1971இல் புதுச்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மோகன், நடுவண் அமைச்சரானார். இலண்டன் நாட்களில் அறிமுகமான ஹக்சர் அப்போது பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியதில் மோகனுக்குப் பெரும்பங்கு உண்டு. உருக்கு உற்பத்திக்கு உதவும் கற்கரி வகை நிலக்கரிச் சுரங்கங்கள் 1972 மே 1 அன்றும், ஏனைய நிலக்கரிச் சுரங்கங்கள் 1973 மே 1 அன்றும் நாட்டுடைமையாயின. இந்திய உருக்கு ஆணையம் 1973 சனவரியில் இவரது முயற்சியால் நிறுவப்பட்டது.

நீதிபதிகள் நியமனச் சர்ச்சை

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற இயலாது என 7 நீதிபதிகள் கொண்ட பெரும்பான்மை முடிவு செய்தது. 6 நீதிபதிகள் மாறுபட்டனர். இதையடுத்து, மூத்த நீதிபதிகளான ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தவிர்த்து, ஏ. என். ரே தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மூவரும் பெரும்பான்மைத் தீர்ப்பை அளித்தவர்கள், ரே மாறுபட்டவர். மூவரும் பதவி விலகினர்.

இந்நியமனத்தை மக்களவையில் முனைப்புடன் ஆதரித்துப் பேசியவர் மோகன். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது, பணிமூப்பை மட்டுமன்றி அவரது சமூகக் கண்ணோட்டத்தையும் அரசு கருத்தில் கொள்ளலாம் என்பது இவரது வாதம். எம். சி. சாக்ளா, நானி பல்கிவாலா முதலிய முன்னணி வழக்கறிஞர்கள் இதை நீதித்துறையின் சுதந்திரத்தின் மீதான தாக்குதலாகக் கருதிக் கண்டித்தனர். அரசுக்கு எதிரான வழக்கில் சிறை சென்றவரும் நீதிமன்றங்களில் வாதாடியவருமான ஒருவர், நீதிபதித் தேர்வில் அரசின் கைக்கு வலுச் சேர்த்தார் என்பது இன்றளவும் இவர்மீது வைக்கப்படும் விமர்சனமாகும். நிலச் சீர்திருத்தத்துக்கும் நாட்டுடைமைக்கும் நீதிமன்றங்கள் தடையாக இருந்தன என்பது இவரது நிலைப்பாட்டை ஆதரித்தோரின் விடையாகும்.

மறைவு

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், பாலம் விமான நிலையத்தை அணுகும்போது விபத்துக்குள்ளானது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் உயிரிழந்தனர். மோகனும், கோயம்புத்தூர் மக்களவை உறுப்பினரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமான கே. பாலதண்டாயுதமும் இறந்தவர்களுள் அடங்குவர். பாலதண்டாயுதத்தின் மறைவால் 1974இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் மோகனின் தங்கை பார்வதி கிருஷ்ணன் வெற்றி பெற்றார்.

மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரசு, பாரதிய ஜனதா கட்சி ஆகிய இரு கட்சிகளின் ஆட்சிகளிலும் நடுவண் அமைச்சராக இருந்து 2000இல் காலமானார். நண்பர்களுள் ஜோதி பாசு 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதலமைச்சராகவும், இந்திரஜித் குப்தா 1996 முதல் 1998 வரை நடுவண் உள்துறை அமைச்சராகவும் பதவி வகித்தனர்.