83 வயதில் அமெரிக்கா போன ராஜாஜி



நம்ம குற்றாலத்துக்குச் சீசனில் எல்லாரும் குளிக்கத்தான் வருவாங்க. ராஜாஜி வந்தது ரசிகமணி டி.கே.சி.யைப் பார்க்க. இரண்டு பேருக்கும் கம்பராமாயணம் என்றால் உயிர். அந்த ராஜாஜி, அணுகுண்டு வேண்டாம் என்று சொல்ல அமெரிக்க ஜனாதிபதியையே போய்ப் பார்த்தவர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவர் 1878 டிசம்பர் 10இல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வக்கீலாக இருந்தார். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்து ஜெயிலுக்குப் போனார். 1948இல் கவர்னர் ஜெனரல், 1952இல் நம் முதலமைச்சர். அவர் செய்தது எல்லாமே எனக்குப் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். 1953இல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்ப்பு கிளம்பி 1954இல் பதவி விலகினார். காமராஜர் வந்து அதை நிறுத்தினார். நிறுத்தாமல் விட்டிருந்தால் நானும் எங்கம்மா கூட உட்கார்ந்து பீடிதான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

சரி, அணுகுண்டுக்கு வருவோம். 1945இல் அமெரிக்கா ஜப்பானில் இரண்டு குண்டு போட்டது. 1949இல் ரஷ்யாவும் குண்டு செய்துவிட்டது. அதுக்குப் பிறகு நாற்பது வருஷம் இரண்டும் முறைத்துக்கொண்டே இருந்தன. கொரியா, வியட்நாம் என்று மற்ற நாடுகளில் ஆளுக்கொரு பக்கம் நின்றன. ஆனால் நேருக்கு நேர் போர் அறிவிக்கவே இல்லை. ஏன்? முதலில் போட்டவனும் தப்ப முடியாது. எதிரியின் மிச்சக் குண்டு கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலில்கூட இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைக்கோல்படப்பு வைத்திருக்கிற இரண்டு வீட்டுக்காரர்களும் சண்டை வந்தாலும் தீக்குச்சி உரச மாட்டார்கள் இல்லையா, அது மாதிரி.

பயம் காவல் காக்கும் என்பதை ராஜாஜி நம்பவில்லை. யாராவது ஒருவர் முதலில் நிறுத்தட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1962 செப்டம்பரில் காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் கிளம்பிப் போய், வெள்ளை மாளிகையில் கென்னடியைப் பார்த்தார். குண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த மாதமே கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருப்பது தெரிந்தது. 13 நாள் உலகமே நடுங்கியது. (அதே நாட்களில்தான் சீனா நம் மீது படையெடுத்தது.) குண்டு வீசச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் கென்னடி கப்பல்களை வைத்துக் கடலை மறித்தார். அக்டோபர் 27இல் ஒரு ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் அணு ஆயுதத்தை ஏவத் துணிந்தபோது, ஆர்கிபோவ் என்ற அதிகாரி வேண்டாம் என்று தடுத்தார். மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். அமெரிக்காவும் கியூபாவைத் தாக்க மாட்டோம் என்றது, துருக்கியில் வைத்திருந்த தன் ஏவுகணைகளைச் சத்தமில்லாமல் எடுத்தது.

பயம்தான் காப்பாற்றியது என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்தக் கப்பலுக்குள்ளும் பயம் இருந்ததே! பயந்துபோய்தானே ஏவப் பார்த்தார்கள்? இதில் நான் ராஜாஜி கட்சி.

1963 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. ஆகாயத்திலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது. ராஜாஜி போனதால்தான் என்று சொல்ல முடியாது. பூமிக்கடியில் வெடிப்பதையும் அவர்கள் விடவில்லை.

ராஜாஜி 1972 டிசம்பர் 25இல் காலமானார். நம் நாடு பொக்ரானில் முதல் குண்டை வெடித்துப் பார்த்தது 1974 மே மாதம். இருந்திருந்தால் டெல்லிக்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி