துறைமுகத்தில் தடுக்கப்பட்ட மேதை

1889-ம் ஆண்டு. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து 24 வயது வாலிபர் ஒருவர் இறங்கினார். உயரம் சுமார் 4 அடிதான். முதுகில் கூன். கையில் பணம் இல்லை. ஆங்கிலமும் சரியாகத் தெரியாது.

இப்படிப்பட்டவர் எப்படி உழைத்துப் பிழைப்பார்? அதிகாரிகள் யோசித்தார்கள். அவரைத் திருப்பி அனுப்பிவிடப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் விடவில்லை. தாமே பொறுப்பு ஏற்பதாக வாதாடி, ஊருக்குள் அழைத்துப் போனார்.

அந்த வாலிபர்தான் மின்சார மேதை சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்!

போலீசுக்குத் தப்பி

அவர் 1865-ல் பிரெஸ்லா நகரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மானியரின் பிரஷ்யாவில் இருந்தது. இப்போது போலந்தில் இருக்கிறது. அவருடைய தந்தைக்கும் பாட்டனாருக்கும்கூட கூன் உண்டு.

ஸ்டைன்மெட்ஸ் கணக்கில் புலி. ஆனால், படிக்கும்போதே சோஷலிஸ்டு பத்திரிகையில் எழுதினார். போலீசார் தேடினார்கள். 1888-ல் சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். அங்கிருந்து அமெரிக்கா சென்றார்.

இரும்பின் முரண்டு

நியூயார்க் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே மின்சார மோட்டார் செய்தார்கள்.

மோட்டாருக்குள் இரும்பு உண்டு. அதன்மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், இரும்பு காந்தமாகும். மின்சாரம் திசை மாறினால், காந்தமும் மாற வேண்டும். ஒரு விநாடியில் பல தடவை இப்படி நடக்கும். இரும்பு சுலபமாக மாறாது. முரண்டு பிடிக்கும். அதனால் மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாகி வீணாகும்.

எவ்வளவு வீணாகும்? மோட்டாரைச் செய்து, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சூடு மிஞ்சினால் செலவழித்த பணம் போயிற்று!

ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்பை எடுத்துச் சோதித்தார். 1892-ல் ஒரு கணக்கைக் கண்டு சொன்னார். காந்த பலம் 2 மடங்கானால், விரயம் சுமார் 3 மடங்காகும். இனி, செய்வதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போடலாம். அவர் புகழ் பரவியது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது.

பேரக் குழந்தைகள்

தம் கூன் பிள்ளைகளுக்கும் வரக்கூடாது என்று அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்மிடம் வேலை பார்த்த இளைஞரை மகனாகத் தத்து எடுத்தார். அவருடைய 3 குழந்தைகளுக்கும் அன்புத் தாத்தா ஆனார். 1923-ல் காலமானார்.

புது இரும்பு

1960-ல் கலிபோர்னியாவில் ஓர் அதிசயம் நடந்தது. உருகிய உலோகத்தை, விநாடிக்கு 10 லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் குளிர வைத்தார்கள். அதன் அணுக்களுக்கு வரிசையாக நிற்க நேரம் இல்லை. கண்ணாடியில் இருப்பதுபோலத் தாறுமாறாக நின்றுவிட்டன.

பிறகு இரும்புக் கலவையிலும் அப்படிச் செய்தார்கள். அந்த இரும்பு அதிகம் முரண்டு பிடிப்பதில்லை. விரயம் மிகக் குறைவு. டிரான்ஸ்பார்மர்களில் அது வேலை செய்கிறது. மோட்டாருக்கு வெட்டுவதுதான் கஷ்டம். 40 தகடு அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் கனம் வரும். கடினம் வேறு, வளைத்தால் உடையவும் கூடும். ஆயினும் அதைக்கொண்டு மோட்டாரும் செய்திருக்கிறார்கள்.

அந்தப் புது இரும்பில் எவ்வளவு மின்சாரம் வீணாகும் என்று பார்க்க, என்ஜினீயர்கள் இன்றும் ஸ்டைன்மெட்ஸ் வழியில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

உழைத்துப் பிழைக்க மாட்டார் என்று தடுக்கப்பட்டவர் அவர். அவருடைய கணக்கு இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது!