அறிஞர் சித்திலெப்பையும் எங்கள் உம்மும்மாவும்

கண்டி கட்டுக்கலையில் எங்கள் உம்மும்மாவின் வீடு. சுபஹுத் தொழுது, குர்ஆன் ஓதி, பிளேன்டீ குடித்து முடித்ததும் அன்றைய பத்திரிகை அவர் மடிக்கு வந்துவிட வேண்டும். முதலில் மரண அறிவித்தல், பிறகு அரசியல். அவர் வாசித்து முடிக்கும் வரை வீட்டு ஆண்கள் காத்திருப்பார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் இந்த வழக்கம் மாறவில்லை.

இளவயதில் கணவரை இழந்தவர். தைத்துக் கொடுத்தும் பலகாரம் சுட்டு விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். குமர்ப்பிள்ளைகளை ஏன் பாடசாலைக்கு அனுப்புகிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளும் அனுப்பினார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்து முஸ்லிம் பெண்மணிக்குத் தமிழ் வாசிக்க எப்படித் தெரிந்தது என்று சிறுவயதில் ஒருநாள் கேட்டேன். தன் உம்மா சொல்லித் தந்தார் என்றார். அந்த உம்மாவுக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டபோதுதான் சித்திலெப்பையின் கதை தொடங்கியது. அந்தக் கதையில் எப்போதும் இரண்டு பெயர்கள் வரும்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையும் சட்டத்தரணி. மகனும் அதே வழியில் சென்று 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரொக்டர் ஆனார். இரண்டு வருடங்களில் உயர் நீதிமன்றத்திலும் வாதாடும் தகுதி பெற்றார். நல்ல வருமானம், ஊரில் மதிப்பு. நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

ஆனால் சமூகத்தின் நிலை அவரை இருக்கவிடவில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் அன்று பெரும்பாலும் மிஷனரிமார் கையில். பிள்ளைகள் மார்க்கம் மாறிவிடுவார்கள் என்ற பயத்தில் நம்மவர்கள் அவற்றின் பக்கமே போகவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும், ஆண்பிள்ளைக்கு அதற்குப் பிறகு கடை, பெண்பிள்ளைக்கு அடுப்படி என்று காலம் போனது. அந்தப் பயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதை விட நமக்கென்று பாடசாலைகளைக் கட்டுவதே வழி என்று அவர் முடிவு செய்தார்.

1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதம் எகிப்தின் உராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்து சேர்ந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. வாப்பிச்சி மரைக்கார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோரும் சேர்ந்து உழைக்க, 1892இல் மருதானையில் உருவானதே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. 1885இல் அவர் எழுதிய அசன்பே சரித்திரம் இலங்கையின் முதல் தமிழ் நாவல். இவ்வளவுக்கும் இடையே கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பாடசாலைகள் அமைக்கத் தன் காசையே செலவழித்தார்.

இவையெல்லாம் நாம் புத்தகத்தில் படித்தவை. உம்மும்மா அழுத்திச் சொல்வது வேறொன்றை. கண்டியில் சித்திலெப்பை பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை திறந்தார். அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா.

இதன் பெறுமதியை இன்று நாம் சரியாக உணர்வதில்லை. கண்டியில் 1879இலேயே மெதடிஸ்த மிஷன் பெண்கள் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்குக் குறைவில்லை. நம் வீடுகளில் குறைந்தது நம்பிக்கை. ஓர் ஆண் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், அவர் பத்திரிகையில் எழுதியதைப் பார்த்து ஓர் உம்மா தன் மகளை வெளியே அனுப்பமாட்டாள். தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருவர் அங்கே இருக்கிறார் என்றால் யோசிப்பாள். எழுத்தாலும் பணத்தாலும் செய்ய முடியாத காரியத்துக்கு ஒரு சகோதரி தேவைப்பட்டார்.

சித்திலெப்பை 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிரம்பும் முன்பே மறைந்தார். அவருக்கு முத்திரை வெளியிட்டோம். கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. விழாக்கள் நடத்துகிறோம். அத்தனையும் அவருக்குத் தகும். ஆனால் முத்து நாச்சியாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருடைய பிறந்த நாளை எந்த மேடையில் கேட்டிருக்கிறோம்?

நம் வீடுகளிலும் இதே கதைதான். வாப்பாவின் கடை, அப்பாவின் பள்ளிவாசல் சேவை எல்லாம் நினைவிருக்கிறது. வளையலை அடகு வைத்து மகளைப் படிக்கவைத்த உம்மும்மாவின் முழுப் பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் மௌத்தாகி ஓரிரு தலைமுறையில் அந்த வாழ்க்கையே இல்லாமல் போய்விடுகிறது.

எங்கள் உம்மும்மா மகியாவை மையவாடியில் துயில்கிறார். அவருடைய பேத்திகளில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஒரு வைத்தியரும் இருக்கிறார். கடைசிப் பெருநாளில் அவர்களையெல்லாம் சுற்றி உட்காரவைத்து, முத்து நாச்சியாவின் பெயரை மறந்துவிடக் கூடாது என்று சொன்னார். நான் அதை அன்றே எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இன்னும் உம்மும்மாவோ வாப்பும்மாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் அமருங்கள். எழுத்தை யாரிடம் படித்தார்கள் என்று கேளுங்கள். பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் அந்த உடன்பிறப்புகளின் பணியையும், நம் வீட்டு மூத்த பெண்களின் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.