ஒரு வாரத்தில் சலித்துப் போன வேலை

சித்தூர்: இந்த உத்தியோகம் நமக்கு ஒத்து வருமா என்று ஒருநாளாவது யோசிக்காத குமாஸ்தா உண்டோ? இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் எஸ்.ஆர்.ரங்கநாதனும் அப்படி யோசித்தவர்தான்.

அன்னார் 1892-ல் அன்றைய தஞ்சை ஜில்லா சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சிலே திக்கல் வேறு. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் கணிதம் போதித்தார். திக்கலோடு போராடியவருக்கு வகுப்பறைமீது அத்தனை பிரியம்!

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சம்பளம் கூடுதல் என்பதால் ஏற்ற பதவி. ஆனால் அங்கே வாசகர் நடமாட்டமே அபூர்வம். ஒரு வாரத்திற்குள் சலிப்புத் தட்டி, பழைய வேலையே போதும் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதல்வர் கெட்டிக்காரர். முதலில் லண்டன் சென்று நூலகப் படிப்பைப் படித்து வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்கே திரும்பலாம் என்று வழி சொல்லி அனுப்பினார்.

லண்டனில் பாடம் படித்ததோடு நில்லாமல் ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். சிறுவரும் தொழிலாளரும் உள்ளே வந்து படிப்பதைக் கண்டபோது மனம் மாறிற்று. ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றி மாற்றித் திருகினால் வெவ்வேறு பொம்மைகள் வரும். நூல்களைப் பிரிக்கும் முறைக்கு அதிலேதான் விடை கிடைத்தது.

ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். பழைய முறைகள் பெட்டி கோத்து நிறுத்திய வண்டி மாதிரி. புதிய விஷயத்துக்கு அதில் இடம் இராது. ரங்கநாதன் முறையில் பெட்டிகள் தனித்தனி. பாலக்காட்டு நெற்பயிர் நோய்க்கு மருந்து பற்றி ஒரு நூல் வந்தால், பயிர், நோய், மருந்து, ஊர், ஆண்டு என வேண்டியதைக் கோத்துக்கொள்ளலாம். இணைக்கும் கொக்கி முக்காற்புள்ளி. அதனாலேயே 1933-ல் வெளியான அம்முறைக்குக் கோலன் பகுப்புமுறை என்று பெயர்.

1925-ல் திரும்பியவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. புத்தகம் பூட்டி வைக்கும் பொருள் அல்ல என்பதே அவர் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியின் சாரம். ஆனால் நூலகத்தை நடத்த ஆள் வேண்டுமே! 1929-ல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பள்ளி ஆரம்பித்தார். பல்கலைக்கழகம் அதை ஏற்று, 1937-ல் முழு ஆண்டு டிப்ளமா ஆக்கியது. ஆக, கணித வாத்தியார் மறுபடி வாத்தியாரானார், பாடம்தான் வேறு.

அவர் பாடுபட்டதன் பயனாக 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. மலபாரில் இருந்த பாலக்காடு அதற்குள் வந்தது. கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த நம் சித்தூர் வரவில்லை! கேரளம் தனக்கென்று சட்டம் செய்ய 1989 ஆயிற்று.

1945-ல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று சுமார் ஒரு லட்சம் நூல்களை அநேகமாகத் தனியாளாகவே வகைப்படுத்தினார். 1947 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்தில். அங்கே நூலகவியலுக்கு டாக்டர் பட்டம் வரை வழி திறந்தார். 1957-ல் டி.பி.கிருஷ்ணராவ் பெற்றதே இத்துறையில் நம் நாட்டின் முதல் டாக்டர் பட்டம். தாம் சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். மாதச் சம்பளக்காரருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது நமக்குத் தெரியும்.

எழுபது வயதில், 1962-ல், பெங்களூரில் நூலகவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார். 1965-ல் தேசியப் பேராசிரியரானார். 1972 செப்டம்பர் 27 அன்று அந்நகரிலேயே காலமானார். ஒரு வாரத்தில் உதற நினைத்த தொழிலில் அப்போது 48 வருஷம் முடிந்திருந்தது.