கோடை முகாமில் என்ன வீட்டுப்பாடம் கொடுக்கணும்? கணித மேதை கோல்மோகோரோவ் காட்டிய வழி

1963 ஆகஸ்ட் மாதம். மாஸ்கோவுக்கு மேற்கே கிராஸ்னோவிடோவோ என்ற ஊரில், மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓர் ஓய்வு இல்லம். கணித ஒலிம்பியாட் போட்டிகளில் நன்றாகச் செய்த பள்ளிப் பிள்ளைகள் ரஷ்யாவின் பல ஊர்களில் இருந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கு விடுமுறைதான். ஆனாலும் சில வாரங்களுக்கு அவர்களுக்கு விரிவுரை உண்டு, கணக்குகளும் உண்டு.

அவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர் 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரான ஆந்த்ரே கோல்மோகோரோவ். அப்போது அவருக்கு 60 வயது. உலகப் புகழ் பெற்ற ஒருவர், 15 வயசுப் பிள்ளைகளோடு ஏன் கோடை விடுமுறையைக் கழிக்கணும்?

அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. படிப்பில் கெட்டியான ஒரு பிள்ளைக்கு என்ன மாதிரி வீட்டுப்பாடம் கொடுப்பது? அதிகமாகவா, கடினமாகவா, இல்லை வேறு மாதிரியா? தன் கடைசி 25 ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் இந்தக் கேள்விக்குத்தான் செலவிட்டார்.

பொத்தானில் தொடங்கிய கணக்கு

1903 ஏப்ரல் 25-ல் ரஷ்யாவின் தாம்போவ் நகரில் பிறந்தார் கோல்மோகோரோவ். பிரசவத்திலேயே அம்மா இறந்துவிட்டார். வளர்ப்பில் அப்பாவுக்குப் பங்கு இல்லை. வோல்கா நதிக்கரையில், யாரோஸ்லாவ்ல் அருகே இருந்த தாத்தாவின் வீட்டில் பெரியம்மா, சித்திமார்தான் வளர்த்தார்கள். அம்மாவின் சகோதரி வேரா அவரைத் தன் பிள்ளையாகவே தத்தெடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகளே எழுதும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. அதில் கணக்குப் பகுதிக்கு ஆசிரியர், நம்ம குட்டிப் பையன் ஆந்த்ரே.

நான்கு துளை உள்ள ஒரு பொத்தானை எத்தனை விதமாக நூல் கோத்துத் தைக்கலாம்? இது அவர் அந்த வயதில் போட்ட புதிர்களில் ஒன்று. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் கிடைக்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். 1-உம் 3-உம் சேர்ந்தால் 4. அதோடு 5 சேர்ந்தால் 9. அடுத்து 7 சேர்ந்தால் 16. அப்போது அவருக்கு வயது ஐந்தோ ஆறோ.

யாரும் கொடுக்காத கணக்கைத் தானே உருவாக்கி, தானே போட்டுப் பார்த்த பிள்ளை அவர். பிற்காலத்தில் அவர் கொடுத்த வீட்டுப்பாடங்களில் இந்த அனுபவத்தின் சாயல் தெரியும்.

16 கிலோ ரொட்டிக்காக

1920-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலம் அது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதம் 16 கிலோ ரொட்டியும் ஒரு கிலோ வெண்ணெயும் ரேஷன் உண்டு என்பது தெரிந்ததும், முதலாம் ஆண்டுத் தேர்வுகளைச் சட்டென எழுதி முடித்து இரண்டாம் ஆண்டுக்குத் தாவிவிட்டார்.

முதலில் அவர் வரலாற்றிலும் ஆர்வம் காட்டினார். நோவ்கோரோத் பகுதியின் பழைய நில வரிப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பேராசிரியர் பாராட்டினார். ஆனால், வரலாற்றில் ஒரு முடிவை நிறுவ ஒரு சான்று போதாது, பல சான்றுகள் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிரூபணம் போதும் என்கிற துறைக்குப் போய்விடுவோம் என்று கணிதத்துக்கு வந்தேன் என, பின்னாளில் அவரே இதைச் சிரித்தபடி சொல்வதுண்டு.

மாணவராக இருந்தபோதே ஒரு மாஸ்கோ பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். 1922 முதல் 1925 வரை அங்கே ஆசிரியர் வேலை. அதே 1922-ல், 19 வயதில், ஃபூரியே தொடர்கள் பற்றி அவர் கண்டுபிடித்த ஒரு முடிவு கணித உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதன் பிறகு சாதனைகள் வரிசை கட்டின. 1933-ல் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிப்படை விதிகளை வகுத்துக் கொடுத்தார். இன்று கல்லூரியில் நிகழ்தகவு படிக்கும் எல்லோரும் அந்த விதிகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நீரும் காற்றும் கொந்தளித்து ஓடுவதைப் பற்றிய அவருடைய 1941 ஆய்வு இயற்பியலில் இன்றும் பயன்படுகிறது.

தேர்வு இல்லை, முகாம்

சோவியத் நாட்டில் பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. மாஸ்கோவின் முதல் ஒலிம்பியாட் 1935-ல் நடந்தது. அதை நடத்தியவர்களில் கோல்மோகோரோவும் உண்டு.

ஆனால் ஒலிம்பியாடின் எல்லையும் அவருக்குத் தெரியும். டெலோனே என்ற கணித அறிஞர் சொன்ன ஓர் ஒப்பீட்டை அவர் எடுத்துக்காட்டுவார். ஒலிம்பியாட் கணக்குக்கு 5 மணி நேரம் வேண்டும், உண்மையான ஆராய்ச்சிக்கு 5,000 மணி நேரம் வேண்டும் என்பதுதான் அது. சில மணி நேரத்தில் வேகமாகப் போடத் தெரியாத பிள்ளை கணிதத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பது அவர் கருத்து.

அதனால்தான் முகாம். சில மணி நேரத் தேர்வில் தெரியாதது, சில வாரங்கள் கூடவே இருந்தால் தெரிந்துவிடும். யார் ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறார்? யார் புதுசாகக் கேள்வி கேட்கிறார்? கிராஸ்னோவிடோவோ முகாமில் இருந்து, புதிதாகத் தொடங்க இருந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு மாணவர்கள் தேர்வானார்கள். அதே ஆகஸ்டில் மாஸ்கோ, லெனின்கிராட், கீவ், நோவோசிபிர்ஸ்க் நகரங்களில் இப்படிப்பட்ட பள்ளிகளைத் தொடங்க அரசு ஆணையிட்டது. மாஸ்கோவின் 18-ம் எண் உறைவிடப் பள்ளி 1963 டிசம்பர் 2-ல் திறக்கப்பட்டது.

வீட்டுப்பாடம் எப்படி இருந்தது?

புதுப் பள்ளியில் கோல்மோகோரோவே விரிவுரை எடுத்தார். பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குகளைப் பேசினார்கள்.

அவர் கொண்டுவந்த ஒரு புது வழக்கம், கணிதச் செய்முறைப் பாடம். அறிவியலுக்கு ஆய்வகம் இருப்பதுபோல, கணக்குக்கும் ஒன்று. சிக்கலான வளைவுகளை வரைவது, நீண்ட கணக்கீடுகளைச் செய்வது போன்ற வேலைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும். ஒருவருடைய கணக்கு இன்னொருவருக்கு வராது. பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துக் காப்பி அடிக்க வழியே இல்லை!

இன்னொரு உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். விளாதிமிர் அர்னால்டு, கோல்மோகோரோவின் மாணவர். 1963-64-ல் அந்தப் பள்ளியில் பாடம் எடுத்தபோது அவருக்கு 26 வயதுதான். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுவான சூத்திரம் இருக்கவே முடியாது என்ற ஏபெலின் தேற்றத்தை அவர் எடுத்துக்கொண்டார். வழக்கமாகப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் விஷயம் இது. பலகையில் நிரூபித்துக் காட்டுவதற்குப் பதிலாக, அதைச் சின்னச் சின்னக் கணக்குகளாக உடைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் தேற்றத்தையே பிள்ளைகள் நிரூபித்திருப்பார்கள். அவரிடம் படித்த ஒரு மாணவர் பின்னாளில் இந்தப் பாடத்தைப் புத்தகமாகவே எழுதினார்.

கவனிக்க வேண்டியது இதுதான். நூறு கணக்கு கொடுத்துக் கையை ஒடிக்கும் வீட்டுப்பாடம் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ள, நாள் கணக்கில் யோசிக்க வைக்கும் வீட்டுப்பாடம். நடுவில் நீண்ட நடை, பனிச்சறுக்கு, இசை, இலக்கியம் எல்லாம் உண்டு. கணக்குப் போடும் பிள்ளைக்குக் கணக்கு மட்டும் போதாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்தப் பள்ளியின் முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் யூரி மத்தியாசேவிச். புகழ்பெற்ற ஹில்பர்ட் கணக்குகளில் பத்தாவதை 1970-ல் முடித்து வைத்தபோது அவருக்கு வயது 22.

யாருக்கு இந்த வாய்ப்பு?

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பள்ளியா, இது மேட்டுக்குடித்தனம் இல்லையா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. மாஸ்கோ பிள்ளைகளுக்கு நகரத்திலேயே நல்ல கணிதப் பள்ளிகள் இருந்தன. உறைவிடப் பள்ளியோ வெளியூர்களுக்கும் சிற்றூர்களுக்கும் உரியது. வழிகாட்ட ஆளில்லாத ஊரில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவை என்பதே அதன் நோக்கம்.

ஆனாலும் எத்தனை பேரை ஒரு விடுதியில் சேர்க்க முடியும்? கோல்மோகோரோவின் இன்னொரு மாணவரான இஸ்ரயேல் கெல்ஃபாண்ட், 1964-ல் அஞ்சல் வழிக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். கணக்குகள் தபாலில் போகும், விடைகள் தபாலில் வரும், திருத்தியதும் திரும்பப் போகும். 1970-ல் இயற்பியலாளர் ஐசக் கிகோயினும் கோல்மோகோரோவும் சேர்ந்து மாணவர்களுக்காக க்வான்ட் என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். அதில் வரும் கணக்குகளுக்கு எந்த ஊர்ப் பிள்ளையும் விடை எழுதி அனுப்பலாம். நாடு முழுவதற்கும் பொதுவான வீட்டுப்பாடம்!

சறுக்கிய இடம்

எல்லாமே வெற்றி இல்லை. 1970-களில் சோவியத் பள்ளிகள் அனைத்துக்குமான கணிதப் பாடத்திட்டத்தை மாற்றும் பணிக்கும் அவரே தலைமை ஏற்றார். வடிவியல் புத்தகங்கள் புது மொழியில், துல்லியமான வரையறைகளோடு வந்தன. ஆசிரியர்கள் திணறினார்கள், பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 1978 வாக்கில் பொன்த்ரியாகின் போன்ற சக கணித அறிஞர்களே கடுமையாக எதிர்த்தார்கள். அந்த வடிவியல் புத்தகங்கள் பிறகு கைவிடப்பட்டன. மேல் வகுப்புகளுக்கு அவர் தலைமையில் வந்த இயற்கணிதப் புத்தகம் மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது.

முகாமில் ஒவ்வொரு பிள்ளையின் கணக்கையும் உட்கார்ந்து பேச ஓர் இளம் ஆய்வாளர் இருந்தார். சாதாரணப் பள்ளியில் அப்படி யாரும் இல்லை. அந்த ஆள் பலம் இல்லாமல் புத்தகத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

ஒரு சென்னைத் தொடர்பு

1962-ல் கோல்மோகோரோவ் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்திருந்தார். அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த சென்னைக்காரர் எஸ்.ஆர்.எஸ்.வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். நிகழ்தகவுத் துறையில் செய்த பணிக்காக வரதன் 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார்.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயும் பார்வைக் குறைவும் கோல்மோகோரோவை முடக்கின. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மாணவர்களே மாறி மாறிக் கூட இருந்து கவனித்துக்கொண்டார்கள். 1987 அக்டோபர் 20-ல், 84 வயதில் காலமானார். அவர் தொடங்கிய உறைவிடப் பள்ளி மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக, அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளையை ஏதாவது முகாமில் சேர்க்கப் போகிறீர்களா? அங்கே ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு கொடுப்பார்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ஒரே கணக்கோடு எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்றும், பிள்ளை முட்டி நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச யார் இருப்பார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.